பங்காளிகளின் பிணக்கும் பாதை மூடப்பட்ட மக்களும்

தென்னிலங்கையில் புதிய தலைவர் ஒருவர் ஆட்சிபீடம் ஏறும் போதெல்லாம் தமிழ், முஸ்லிம் மக்கள் மத்தியில் ஒரே கேள்வி எழுவது வழக்கமாகிவிட்டது. அவர் நல்லவரா, கெட்டவரா என்பதல்ல அந்தக் கேள்வி. அவர் நல்லது செய்ய விரும்பினாலும் அவருடன் கூட இருப்பவர்கள் அதற்கு இடமளிப்பார்களா என்பதே அது. இக்கேள்வியைக் கேட்டவாறே நமது அரசியல் தலைமைகள் பல தசாப்தங்களைக் கழித்துவிட்டன. தலைவருக்கும் அவரது பங்காளிகளுக்கும் இடையே சிறு முறுகல் தோன்றினாலும், அதில் நமக்கு ஏதேனும் விமோசனம் பிறக்காதா என்று எதிர்பார்த்திருப்பதும் வழக்கமாகிவிட்டது.

இந்த எதிர்பார்ப்புக்கு ஏதேனும் ஆதாரம் உண்டா என்பதைச் சோதித்துப் பார்ப்பதற்கு 2005ஆம் ஆண்டின் ஜனாதிபதித் தேர்தலையும் அதற்குப் பிந்திய ஐந்து ஆண்டுகளையும் விடச் சிறந்த உதாரணம் வேறில்லை எனலாம். புதிதாகத் தெரிவான தலைவர் ஒருவர் தம்மைத் தெரிவு செய்வதற்கு உதவிய பங்காளிகளுடன் எவ்வாறு உறவாடினார், எவ்வாறு பிணங்கினார், அந்தப் பிணக்கின் விலையை இறுதியில் யார் செலுத்தினர் என்பவை அனைத்தும் அந்த ஐந்து ஆண்டுகளில் தெளிவாகப் பதிவாகியுள்ளன.

2004 ஏப்ரல் பொதுத் தேர்தலில் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 105 ஆசனங்களைப் பெற்றது. அவற்றில் 39 ஆசனங்கள் ஜே.வி.பி.யினுடையவை. 225 பேர் கொண்ட சபையில் பெரும்பான்மைக்கு 113 பேர் தேவை என்ற நிலையில் இந்த 39 பேரின் கனதி எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை. சுனாமி நிவாரணப் பணிகளை வடக்கு கிழக்கில் கூட்டாக மேற்கொள்வதற்கான பொதுக்கட்டமைப்பில் கைச்சாத்திட அன்றைய ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க முற்பட்ட போது, 2005 ஜூன் 16ஆம் திகதி ஜே.வி.பி. அரசாங்கத்திலிருந்து வெளியேறியது. ஜூன் 24ஆம் திகதி பொதுக்கட்டமைப்பு கைச்சாத்தானது. ஜே.வி.பி.யினர் நீதிமன்றம் சென்றனர். ஜூலை 15ஆம் திகதி உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. இந்த ஏற்பாட்டில் தாம் ஒரு தரப்பாகக் கைச்சாத்திட அழைக்கப்படவில்லை என்று முஸ்லிம் மக்களும் நியாயமாகவே குறைபட்டிருந்தனர் என்பதையும் இங்கு நினைவுகூர வேண்டும்.

இந்தப் பின்னணியிலேயே அன்றைய பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ ஜனாதிபதி வேட்பாளரானார். அவர் 2005 செப்டெம்பர் 8ஆம் திகதி ஜே.வி.பி.யுடனும், ஐந்து நாட்கள் கழித்து ஜாதிக ஹெல உறுமயவுடனும் உடன்படிக்கைகளில் கைச்சாத்திட்டார். ஒற்றையாட்சியைப் பாதுகாத்தல், சுனாமி பொதுக்கட்டமைப்பைக் கைவிடுதல், யுத்தநிறுத்த உடன்படிக்கையை மீளாய்வு செய்தல், நோர்வேயின் அனுசரணைப் பங்களிப்பை மறுபரிசீலனை செய்தல் என்பன பங்காளிகள் முன்வைத்த நிபந்தனைகளுள் முதன்மையானவை. தமது கட்சியின் தலைவியான சந்திரிகாவின் அதிருப்தியையும் பொருட்படுத்தாது அவர் அவற்றை ஏற்றுக்கொண்டார்.

நவம்பர் 17ஆம் திகதி நடைபெற்ற தேர்தலில் மஹிந்த ராஜபக்ஷ 48 இலட்சத்து 87 ஆயிரத்து 152 வாக்குகளைப் பெற்று, 50.29 வீதத்துடன் வெற்றி பெற்றார். ரணில் விக்கிரமசிங்கவை விட அவர் கூடுதலாகப் பெற்ற வாக்குகள் 1 இலட்சத்து 80 ஆயிரத்து 786. ஐம்பது வீதம் என்ற எல்லைக் கோட்டை அவர் தாண்டியதோ ஏறத்தாழ 28 ஆயிரம் வாக்குகளால் மட்டுமே. இத்தகைய வெற்றியில், எந்தப் பங்காளியும் தானின்றி அவர் வென்றிருக்க முடியாது என்று உரிமை கோரலாம். ஜே.வி.பி.யும் ஹெல உறுமயவும் அவ்வாறே கோரின. அவை பொய்யுரைக்கவில்லை.

அதே தினத்தில் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோர் 1.21 வீதத்தினர் மட்டுமே. அந்தத் தேர்தலில் தமிழ் மக்களுக்கு அக்கறை இல்லை என விடுதலைப் புலிகளும் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் அறிவித்திருந்தன. விரும்பி விலகியிருந்தோரும் உளர்; அச்சத்தினால் வீட்டைவிட்டு வெளியே வராதோரும் உளர். எக்காரணத்தினாலாயினும், எல்லைக் கோட்டை 28 ஆயிரம் வாக்குகளால் தாண்டிய ஒருவரிடம் கணக்குக் கேட்கும் உரிமை ஏழு இலட்சம் வாக்காளர்களைக் கொண்ட ஒரு மாவட்டத்துக்கு இல்லாமற் போனது.

சாவகச்சேரித் தேர்தல் தொகுதிக்குள் அமைந்த கொடிகாமம் இதன் விளைவை மற்றெந்த ஊரையும் விட விரைவாக உணர்ந்தது. கண்டியிலிருந்து வரும் ஏ-9 வீதியும் பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியும் சந்திக்கும் இடம் அது. தென்மராட்சியின் மாம்பழமும் பலாப்பழமும் தேங்காயும் வந்து குவியும் சந்தை அங்குள்ளது. 2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்ட பின்னர் தென்னிலங்கை நோக்கிச் சென்ற லொறிகள் அந்தச் சந்தியைக் கடந்தே சென்றன. அங்கிருந்து சில மைல்கள் தொலைவிலுள்ள முகமாலையில் ஒரு புறம் படையினரின் சோதனைச் சாவடியும் மறுபுறம் புலிகளின் வரி அறவிடும் நிலையமும் இருந்தன. இரண்டையும் சகித்துக்கொண்டு மக்கள் போக்குவரத்துச் செய்தனர். பாதை திறந்திருக்கிறது என்பதே அவர்களுக்குச் சமாதானத்தின் ஒரே அடையாளமாக இருந்தது.

புதிய ஜனாதிபதியின் முதலாவது ஆண்டு பங்காளிகளுடனான இழுபறியிலேயே கழிந்தது. ஜே.வி.பி. அமைச்சுப் பதவிகளை ஏற்கவில்லை. வெளியிலிருந்து ஆதரவளிப்பதாகக் கூறியது. பொறுப்பில்லாத செல்வாக்கு என்பது இதுவே. பங்காளிகளின் விருப்பத்துக்கு மாறாக நோர்வேயின் அனுசரணை தொடர்வதற்கு ஜனாதிபதி இணங்கினார். 2006 பெப்ரவரியில் ஜெனீவாவுக்குப் பேச்சுக் குழுவை அனுப்பினார். யுத்தநிறுத்த உடன்படிக்கையைத் திருத்த வேண்டுமென்ற பங்காளிகளின் நிபந்தனைக்கும் அதனைப் பேண வேண்டுமென்ற சர்வதேச நெருக்குதலுக்கும் இடையே அவர் தடுமாறினார். அவ்வருடம் மார்ச்சில் நடைபெற்ற உள்ளூராட்சித் தேர்தலில் ஜே.வி.பி. தனித்துப் போட்டியிட்டது. உறவில் விரிசல் விழுந்துவிட்டது என்று தமிழ்ப் பத்திரிகைகள் பலவும் அப்போது எழுதின. அதில் உண்மை இருந்தது. எனினும் அந்த விரிசல் வழியாக நமக்கு வெளிச்சம் எதுவும் வரவில்லை.

2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் மோதல் வெடித்து ஏ-9 வீதி மூடப்பட்டது. அதே மாதத்தில் மூதூரில் மூண்ட மோதல்களினால் ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்கள் இடம்பெயர்ந்து கந்தளாய் வரை ஓட நேர்ந்தது. ஒக்டோபர் இறுதியில் மீண்டும் ஜெனீவாவில் பேச்சு நடைபெற்ற போது, பாதையைத் திறக்க வேண்டுமென்று புலிகள் தரப்புக் கோரியது. அரசாங்கத் தரப்பு மறுத்தது. அடுத்த சந்திப்புக்குத் திகதி குறிக்காமலே இரு தரப்பும் எழுந்து சென்றன. கொடிகாமம் சந்தையின் விளைபொருட்களுக்குத் தெற்கே செல்லும் வழி அடைபட்டது. அரிசியும் மாவும் மருந்தும் கப்பலில் வந்தால்தான் உண்டு என்ற நிலை குடாநாடு முழுவதற்கும் ஏற்பட்டது. ஊரை விட்டு வெளியேறுவதற்கும் படையினரின் அனுமதி பெற்று, கப்பலுக்கோ விமானத்துக்கோ காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்த ஒக்டோபர் மாதத்தை இன்னும் இரண்டு காரணங்களுக்காக நினைவில் வைத்திருக்க வேண்டும். 16ஆம் திகதி, ஜே.வி.பி.யின் பின்னணியில் தாக்கல் செய்யப்பட்ட மனுக்களின் பேரில், 1988இல் ஏற்படுத்தப்பட்ட வடக்கு கிழக்கு மாகாண இணைப்புச் செல்லுபடியற்றதென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 23ஆம் திகதி ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியும் ஐக்கிய தேசியக் கட்சியும் புரிந்துணர்வு உடன்படிக்கை ஒன்றில் கைச்சாத்திட்டன. இரு பெரும் கட்சிகளும் இணைந்தால் ஜே.வி.பி.யின் பிடி தளரும், இனப்பிரச்சினைக்குத் தீர்வு வரும் என்று நம்பியோர் பலர்.

மாகாண இணைப்பு விடயத்தில் ஒன்றை ஒளிவுமறைவின்றிக் கூற வேண்டும். தாம் நிரந்தரச் சிறுபான்மையாகி விடுவோம் என்ற அச்சம் கிழக்கிலுள்ள முஸ்லிம் மக்களிடையே இருந்தது. அந்த அச்சம் ஆதாரமற்றதன்று. ஆனால் அது தமிழரும் முஸ்லிம்களும் ஒரு மேசையில் அமர்ந்து பேசித் தீர்த்துக்கொண்டிருக்க வேண்டிய விடயம். இரு சமூகங்களும் பேசாதிருந்த வேளையில் மூன்றாமவரின் மனு அதனைத் தீர்த்து வைத்தது. தீர்ப்பு ஒரு சாராருக்குத் துக்கத்தையும் மறு சாராரில் பலருக்கு நிம்மதியையும் அளித்திருக்கலாம். இரு சாராரையும் கேளாமலே அது முடிந்தது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

சுதந்திரக் கட்சி - ஐக்கிய தேசியக் கட்சி உடன்படிக்கையின் ஆயுள் மூன்று மாதங்கள்தான். 2007 ஜனவரி 28ஆம் திகதி, கரு ஜயசூரிய தலைமையில் ஐக்கிய தேசியக் கட்சியின் உறுப்பினர்கள் அரசாங்கத்தின் பக்கம் தாவி அமைச்சர்களாகினர். அதே வேளையில் முஸ்லிம் காங்கிரஸும் ஜாதிக ஹெல உறுமயவும் அமைச்சரவையில் இணைந்தன. ஒரே மேசையைச் சுற்றி இவர்கள் எல்லோரும் அமர்ந்திருந்தமை வெளித்தோற்றத்தில் தேசிய ஒற்றுமை போன்று தெரிந்தது. அமைச்சர்களும் பிரதி அமைச்சர்களுமாகப் பதவி பெற்றோரின் தொகை நூறைத் தாண்டியது. எல்லோருக்கும் பதவி கொடுத்தால் எவருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற சூட்சுமத்தை ஜனாதிபதி கண்டுகொண்டார்.

தீர்வு யோசனையைத் தயாரிப்பதற்கு 2006இல் அமைக்கப்பட்ட சர்வகட்சிப் பிரதிநிதிகள் குழுவின் கதையும் இதுவே. பேராசிரியர் திஸ்ஸ விதாரண அதன் தலைவராக இருந்தார். நிபுணர் குழுவின் பெரும்பான்மை அறிக்கை பரந்த அதிகாரப் பகிர்வைப் பரிந்துரைத்த போது ஜே.வி.பி. வெளிநடப்புச் செய்தது. 2007 மே மாதத்தில் ஜனாதிபதியின் சொந்தக் கட்சியான சுதந்திரக் கட்சியே மாவட்டத்தை அதிகாரப் பகிர்வின் அலகாக முன்மொழிந்தது. 2008 ஜனவரியில் வெளிவந்த இடைக்கால யோசனை, 1987ஆம் ஆண்டிலிருந்தே சட்டப் புத்தகத்திலுள்ள பதின்மூன்றாவது திருத்தத்தை நடைமுறைப்படுத்துமாறு கூறுவதோடு முடிந்தது. இருப்பதைச் செய்யுங்கள் என்று கூறுவதற்கு ஒன்றரை வருடம் தேவைப்பட்டது.

2007 டிசெம்பரில் வரவு செலவுத் திட்ட வாக்கெடுப்புக்குச் சற்று முன்னர் ரவூப் ஹக்கீம் அமைச்சுப் பதவியைத் துறந்து வெளியேறினார். அரசாங்கம் ஆட்டங்காணும் என்று எதிர்பார்க்கப்பட்டது. 14ஆம் திகதி நடைபெற்ற இறுதி வாக்கெடுப்பில் ஜே.வி.பி. வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. வரவு செலவுத் திட்டம் நிறைவேறியது. மூன்று வாரங்கள் கழிவதற்கு முன்னர், 2008 ஜனவரி 2ஆம் திகதி, ஜே.வி.பி. நெடுங்காலமாக வற்புறுத்தி வந்தவாறே யுத்தநிறுத்த உடன்படிக்கையிலிருந்து விலகுவதாக அரசாங்கம் அறிவித்தது. அமைச்சரவையிலிருந்த முஸ்லிம் கட்சி வெளியேறியதால் எதுவும் மாறவில்லை. அமைச்சரவைக்கு வெளியேயிருந்த ஜே.வி.பி.யோ தான் கேட்டதைப் பெற்றுக்கொண்டது.

தமிழ், முஸ்லிம் பங்காளிகளை ஒருவருக்கெதிராக மற்றவரை நிறுத்துவதும் எளிதாயிற்று. 2008 மே 10ஆம் திகதி நடைபெற்ற கிழக்கு மாகாண சபைத் தேர்தலின் பின்னர், முதலமைச்சர் பதவிக்குத் தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சியின் சிவநேசதுரை சந்திரகாந்தனும் ஆளும் கூட்டமைப்பின் முஸ்லிம் உறுப்பினர்களின் சார்பில் எம்.எல்.ஏ.எம். ஹிஸ்புல்லாவும் உரிமை கோரினர். இருவருக்கும் இடையே தீர்ப்புக் கூறியவர் கொழும்பிலிருந்த ஜனாதிபதி. அரசாங்கத்திற்குள் இருந்து கொண்டே இரு சமூகங்களின் பிரதிநிதிகளும் ஒருவரையொருவர் முறைத்துப் பார்க்கும் நிலை உருவானது.

இனி நாம் ஆரம்பத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். பங்காளிகள்தாம் தடை என்றால், பங்காளிகளின் பலம் குன்றிய பின்னர் தலைவர் என்ன செய்தார்? 2008 ஏப்ரலில் ஜே.வி.பி. பிளவுபட்டது, விமல் வீரவன்ச தனிவழி சென்று பின்னர் ஜனாதிபதியின் பக்கமே சேர்ந்தார். 2009 மே மாதத்தில் யுத்தம் முடிவடைந்தது. 2010 ஜனவரியில் ஜே.வி.பி. எதிரணி வேட்பாளரை ஆதரித்த போதும் மஹிந்த ராஜபக்ஷ 57.88 வீத வாக்குகளுடன் மீண்டும் தெரிவானார். எந்தப் பங்காளியின் தயவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. அப்போது அவர் முதலில் கொணர்ந்தது அதிகாரப் பகிர்வையன்று. தமது பதவிக்கால வரையறையை நீக்கிய பதினெட்டாவது திருத்தத்தையே கொணர்ந்தார். 2010 செப்டெம்பரில் அத்திருத்தம் நிறைவேறிய போது முஸ்லிம் காங்கிரஸும் அதற்கு ஆதரவாக வாக்களித்தது.

ஆக, தலைவருக்கும் பங்காளிகளுக்கும் இடையே இருந்த பிணக்கு அதிகாரத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைப் பற்றியது. நம்மைப் பற்றி அவர்களிடையே பெரிய பிணக்கு எதுவும் இருந்ததில்லை. 2005இல் அவர் அளித்த வாக்குறுதிகளைப் பட்டியலிட்டுப் பார்த்தால் இது விளங்கும். நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்பதற்கான அரசியலமைப்பைக் கொணர்வதாக 'மஹிந்த சிந்தனை' கூறியது, அது நடைபெறவில்லை. பொதுக்கட்டமைப்பு, யுத்தநிறுத்த உடன்படிக்கை ஆகியன பற்றிய வாக்குறுதிகள் மட்டும் முழுமையாக நிறைவேறின. தலைவருக்குச் செலவு வைத்த வாக்குறுதி கைவிடப்பட்டது. பிறருக்குச் செலவு வைத்த வாக்குறுதிகள் காப்பாற்றப்பட்டன.

பின்வந்த ஆட்சிகளும் இதற்கு விலக்கல்ல. 2015 ஜனவரி 8ஆம் திகதி தமிழ், முஸ்லிம் மக்களின் பெருவாரியான வாக்குகளுடன் தெரிவான மைத்திரிபால சிறிசேன, தமது பங்காளியான ரணில் விக்கிரமசிங்கவுடன் முரண்பட்டு 2018 ஒக்டோபர் 26ஆம் திகதி அவரைப் பதவி நீக்கினார். உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பினால் அரசியலமைப்பு தப்பியது. ஆனால் இரண்டு ஆண்டுகளாகத் தயாராகி வந்த புதிய அரசியலமைப்பு யோசனை அந்தச் சண்டையில் காணாமற் போனது. 2019இல் தெரிவான கோட்டாபய ராஜபக்ஷ, கொடிகாமத்துக்கு அடுத்துள்ள மிருசுவிலில் 2000 டிசெம்பரில் எட்டுப் பொதுமக்களைக் கொன்ற குற்றத்துக்காக மரண தண்டனை விதிக்கப்பட்டு, அத்தண்டனை உயர் நீதிமன்றத்தாலும் உறுதிப்படுத்தப்பட்டிருந்த படைவீரருக்கு 2020 மார்ச் 26ஆம் திகதி பொது மன்னிப்பளித்தார். அவ்வாண்டு ஒக்டோபரில், கொவிட் தொற்றினால் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டுக் கொண்டிருந்த காலத்திலேயே, எதிரணியிலிருந்த முஸ்லிம் உறுப்பினர்கள் சிலர் அவரது இருபதாவது திருத்தத்துக்குக் கைகொடுத்தனர். கேட்க வேண்டியதை எழுத்தில் கேளாமல் வாக்கைக் கொடுப்பதன் பலன் இதுவே.

2024 செப்டெம்பரில் தெரிவான அநுர குமார திஸாநாயக்கவின் நிலைமை வேறானது. 2005 ஜூனில் பொதுக்கட்டமைப்பை எதிர்த்து அமைச்சுப் பதவியைத் துறந்த ஜே.வி.பி.யினருள் அவரும் ஒருவர். அன்று நிபந்தனை விதித்த பங்காளி, இன்று தலைவர். 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களைப் பெற்றது. யாழ்ப்பாணத்தின் ஆறு ஆசனங்களில் மூன்று அதற்குக் கிடைத்தன. அன்று 1.21 வீதத்தினர் வாக்களித்த மாவட்டம் இது என்பதை எண்ணும் போது இந்த மாற்றம் சாதாரணமானதன்று. எனினும் அதே நவம்பரில் பதவியேற்ற அமைச்சரவையில் முஸ்லிம் அமைச்சர் ஒருவர்கூட இடம்பெறவில்லை. 2018 ஒக்டோபரில் ஆயுட்காலம் முடிந்த வட மாகாண சபைக்கு 2025ஆம் ஆண்டு முடியும் வரையிலும் தேர்தல் நடத்தப்படவில்லை. மாகாண சபைத் தேர்தலும் புதிய அரசியலமைப்பும் அக்கட்சியின் தேர்தல் விஞ்ஞாபனத்திலேயே உள்ளவை.

மூன்றில் இரண்டு பெரும்பான்மை கையிலிருக்கும் ஒரு தலைவர், கூட இருப்பவர்கள் விடுகிறார்களில்லை என்று கூற முடியாது. இது நமக்கு ஒருவகையில் நன்மை. சாக்குப்போக்குக்கு இடமில்லாத காலத்தில் ஒவ்வொரு தாமதமும் அவருடைய சொந்தத் தீர்மானமாகவே கொள்ளப்படும். மறுவகையில் இது ஆபத்து. அவருக்கு யாருடைய தயவும் தேவையில்லை என்பதால் நம்மிடம் பேரம் பேசுவதற்கான பிடியும் இல்லை.

இந்நிலையில் செய்ய வேண்டியது என்ன? 2005இல் ஜே.வி.பி.யிடமிருந்து கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அது தேர்தலுக்கு முன்னர் கேட்டது, எழுத்தில் கேட்டது, பதவிக்குப் பதிலாகக் கொள்கையைக் கேட்டது. நமது கட்சிகளோ தேர்தலுக்குப் பின்னர் கேட்டன, வாய்மொழியாகக் கேட்டன, பெரும்பாலும் அமைச்சுகளையே கேட்டன. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

அதற்கு முன்னர் தமிழரும் முஸ்லிம்களும் தமக்கிடையே தீர்க்க வேண்டிய கணக்கும் உண்டு. 1990 ஒக்டோபரில் சாவகச்சேரி உட்பட வடக்கின் ஊர்களிலிருந்து விடுதலைப் புலிகள் முஸ்லிம் மக்களை வெளியேற்றினர். அந்த அநீதியைத் தமிழர் தரப்புத் தயக்கமின்றி ஏற்றுக்கொள்ளாத வரையில், வடக்கு கிழக்கின் தீர்வு பற்றி முஸ்லிம்களை நம்பச் சொல்வதில் பொருளில்லை. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் பிரபாகரனும் ஹக்கீமும் கைச்சாத்திட்ட உடன்படிக்கை செயலுருப் பெறவில்லை. ஆயினும் இரு சமூகங்களும் கொழும்பின் அனுமதியின்றித் தம்மிடையே பேச முடியும் என்பதற்கு அது சான்று. காணி, மீள்குடியேற்றம், பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குதல், மாகாண சபைத் தேர்தல் ஆகிய நான்கு விடயங்களிலாவது ஒரு பொதுக் கோரிக்கையை இரு தரப்பும் எழுதி, எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் அதன் முன் வைக்கலாம்.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். தெற்கு இரண்டுபட்ட போதெல்லாம் நாம் கொண்டாடவும் இல்லை, கூலி பெறவும் இல்லை. தலைவரும் பங்காளிகளும் கூடினாலும் பிரிந்தாலும், கொடிகாமத்துப் பலாப்பழம் தம்புள்ளைக்குப் போகிறதா, சாவகச்சேரியிலிருந்து துரத்தப்பட்டவரின் பிள்ளை அங்கு வந்து கடை திறக்க முடிகிறதா என்பவற்றைக் கொண்டே ஆட்சியை அளக்க வேண்டும். கொழும்பில் யார் யாருடன் பேசவில்லை என்ற செய்தியை வாசிப்பதில் செலவிடும் நேரத்தை, நாம் ஒருவரோடொருவர் பேசுவதில் செலவிடுவது உசிதமானது.